ம் கொட்டும் கம்பி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை காய்வதற்குள், அளவுக்காரி தன் கால்குலேட்டரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே அவள் கணவன், செல்போனைக் காதில் வைத்தபடி.

அளவுக்காரி என்பது நாத்தனார் வைத்த பெயர். நிலம் அளக்கிற வேலை அவளுக்கு. வரைபடமெல்லாம் போட்டுக் காட்டும் அந்தக் கால்குலேட்டரில், பதினோரு வருஷமாக ஒவ்வொரு பொத்தானாகத் தட்டித் தட்டி முப்பத்துநாலு ப்ரோக்ராம் எழுதி வைத்திருந்தாள். ஆபீசில் மற்றவர்கள் கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் இவள் வெயிலில் நின்றபடியே கோணல்மாணல் மனையின் பரப்பைச் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, சும்மாவா வந்தது?

இப்போது அதன் பேட்டரிகள் கடைசி மூச்சில் இருந்தன. புதுசு போட வேண்டியதுதானே என்பீர்கள். மாற்றுகிற நேரத்தில் ஞாபகத்தைக் காப்பாற்ற உள்ளே தனியாக ஒரு பட்டன் பேட்டரி உண்டு. அது கசிந்து, பிடித்திருந்த தகடே அரித்து உதிர்ந்துவிட்டது. பழைய பேட்டரிகளைக் கழற்றினால் முப்பத்துநாலும் காலி. எழுதி எடுக்கலாம் என்றால் ஒவ்வொன்றும் நாலைந்து பக்கம், அதற்குள் திரை அணைந்துவிடும். கம்ப்யூட்டருக்கு அனுப்பினால்தான் உண்டு. அதற்கான கேபிளைக் கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். ஆகவே, இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் போட்டிருந்த படத்தைப் பார்த்துத் தாங்களே செய்துவிடுவது என்று முடிவு.

நாத்தனார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். சால்டரிங் அயர்னைப் பிடித்தால் கை நடுங்காது. வாயும் நிற்காது. நீங்கள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடிப்பவர் அவராகத்தான் இருப்பார். ஒன்பது ஊசி சீரியல் போர்ட் வைத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று அவர் மேசையில் இன்னும் உயிரோடு இருந்தது.

படத்தை ஒரே பார்வைதான் பார்த்தார்.

"ஏம்மா, இத வரைஞ்சவனுக்கு மண்டையில ஏதாவது இருக்கா? அனுப்பறதுக்குன்னே ஒரு ஊசி இருக்கு, வாங்கறதுக்குன்னே ஒரு ஊசி இருக்கு. ரெண்டையும் அம்போன்னு விட்டுட்டு, 'நான் ரெடி', 'அனுப்பலாமா'ன்னு கேக்கற ஊசியில போய் கம்பிய மாட்டியிருக்கான்!"

"அண்ணி, படத்துல இருக்கறபடியே முதல்ல..."

"இருபத்தாறு வருஷமா நான் என்ன ஈ ஓட்டிக்கிட்டா இருந்தேன்? தள்ளு, நான் சரி பண்ணித் தரேன்."

சரி பண்ணினார். கால்குலேட்டரிலிருந்து வரும் ரெண்டு கம்பிகளையும் அனுப்பும் ஊசிக்கும் வாங்கும் ஊசிக்கும் மாற்றி, ஈயம் வைத்து, அழகாக டேப் சுற்றிக் கொடுத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கால்குலேட்டரில் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். இரண்டு வினாடி யோசித்துவிட்டு, 'பிழை' என்றது. கம்ப்யூட்டர் எதுவுமே நடக்காததுபோல் இருந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடியும் பிழை. திரை முதலில் இருந்ததைவிட மங்கியிருந்தது. பதினோரு வருஷம், இந்த மத்தியானத்தோடு போய்விடுமா?

"கால்குலேட்டர்தான் அவுட்டு" என்றார் நாத்தனார்.

அவள் மல்டிமீட்டரை எடுத்து, கேபிளின் கால்குலேட்டர் பக்க முனையில் வைத்தாள். அதில் இருப்பதே ரெண்டு கம்பிகளும் ஒரு எர்த்தும்தான். சும்மா இருக்கும்போது ரெண்டு கம்பியிலும் ஐந்து வோல்ட் நின்றது. பொத்தானை அழுத்தியதும் ஒன்று சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. விழுந்தது எழுந்திருக்கவில்லை, அப்படியே கிடந்தது. அப்புறம் பிழை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு அப்படியே நிக்குது அண்ணி. எதுக்கோ காத்திருக்கு."

கூடத்தில் அவள் கணவன் சோபாவில் சாய்ந்து சித்தியோடு பேசிக்கொண்டிருந்தான். பேசினது சித்தி. இவன் "ம்... ம்... ம்..." மட்டும்தான். நடுவில் தண்ணீர் குடிக்கச் செம்பைத் தூக்கினான், ம் நின்றது. உடனே போனுக்குள்ளிருந்து சித்தியின் குரல் உள்ளே இவர்கள் மேசை வரைக்கும் கேட்டது.

"டேய், இருக்கியா? ம்முன்னு சொன்னாத்தானே மேல சொல்ல முடியும்!"

"ம், இருக்கேன் சித்தி, சொல்லுங்க."

சித்தி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அளவுக்காரி மீட்டரைப் பிடித்தபடி சிலையாக நின்றாள்.

"அண்ணி, படம் சரி. நாமதான் தப்பா..."

"என்ன சரி? வெறும் ஊசியில..."

"நான் பேசி முடிச்சுக்கறேனே அண்ணி!"

குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பேசியதில்லை. கூடத்தில்கூட ம் நின்றுபோயிற்று. நாத்தனார் அயர்னைத் தாங்கியில் வைத்தார்.

"இது சித்தி மாதிரி அண்ணி. ப்ரோக்ராமெல்லாம் இதுக்கு வெறும் பூஜ்யமும் ஒண்ணும்தான். ஒரு கம்பிய கீழ இழுத்தா பூஜ்யம், இன்னொண்ண இழுத்தா ஒண்ணு. இது ஒண்ண இழுத்ததும், கம்ப்யூட்டர் மத்ததை இழுத்து ம் கொட்டணும். கொட்டினாத்தான் அடுத்தது வரும். உங்க அனுப்பற ஊசி இருக்கே, அது கடகடன்னு எழுத்தைக் கொட்டிட்டுப் போற ஊசி, யாருக்கும் காத்திருந்து பழக்கம் இல்ல. 'நான் ரெடி' ஊசியைத்தான் வேணுங்கற வரைக்கும் கீழயே பிடிச்சு வைக்க முடியும். 'அனுப்பலாமா'வும் அப்படித்தான். அதான் அங்க மாட்டியிருக்கார். படத்துல நடுவுல டயோடு இருக்கே, கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடறது, அது எதுக்குன்னா, கம்ப்யூட்டர் கம்பிய கீழ இழுக்கலாம், தன் வோல்ட்டை இதுமேல தள்ளக்கூடாது."

நாத்தனார் படத்தை எடுத்து இரண்டாவது தடவையாகப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தான் சுற்றிய டேப்பைத் தானே பிரித்தார்.

"நீ கம்பியப் பிடி" என்றார்.

பத்து நிமிஷத்தில் கேபிள் படத்தில் இருந்தபடியே ஆயிற்று. அவள் பொத்தானை அழுத்தினாள். கம்ப்யூட்டர் திரையில் ஒன்று என்று வந்தது. அப்புறம் இரண்டு, மூன்று. மெதுவாகத்தான் வந்தது, ஒவ்வொன்றுக்கும் ம் கேட்டுக்கேட்டு வருகிறதல்லவா. இருபத்தெட்டில் கால்குலேட்டரின் எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை. முப்பத்திரண்டில் கணவனும் போனை வைத்துவிட்டு வந்து திரையை எட்டிப் பார்த்தான். முப்பத்துநாலு. அடுத்த நிமிஷம் கால்குலேட்டர் அணைந்தது.

"அப்பாடா!" என்று அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. கணவன் ஓடிப்போய்ப் புதுப் பேட்டரிகளைக் கொண்டுவந்து போட்டான். கால்குலேட்டர் பிறந்த குழந்தைபோல ஒன்றும் தெரியாமல் விழித்தது. முப்பத்துநாலையும் அதே கேபிளில் திருப்பி ஏற்ற ஆரம்பித்தாள்.

அது ஏறுகிற நேரத்தில் நாத்தனார் மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தார். தன் டம்ளரோடு அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எப்படிக் கண்டுபுடிச்சே? முதல்லேர்ந்து சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். மீட்டர் வைத்ததைச் சொன்னாள், விழுந்து கிடந்த ஐந்து வோல்ட்டைச் சொன்னாள். பாதி தூரம் வந்ததும் சந்தேகம் தட்டியது. எந்த வாக்கியத்தையும் யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லையே?

"அண்ணி, கேக்கறீங்களா?"

"ம்" என்றார் நாத்தனார்.