மத்தளம் தாங்காத பெட்டி

மன்னார்க் கடையில் என் மகன் றொசாந்தன் தெரிவுசெய்த சப்வூஃபர் ஒலிபெருக்கிப் பெட்டி விளக்குகளோடு மின்னியது.

"முதலில் எங்கட ஊர் அடம்பன் வாசாப்பு நாடகப் பதிவைப் போட்டுக் காட்டுங்கோ" என்றேன். அதில் மத்தளம் அடிப்பவர் என் தகப்பனார். கனத்த அடி விழுந்ததும் பெட்டி தகரம்போலக் கடகடத்தது.

கடைக்காரர் சிரித்தார். "அடிச்சவர் பிழையா அடிச்சிருப்பார், ஐயா."

"ஓம் அப்பா, எங்களுக்கு இந்தப் பெட்டியே காணும்" என்றான் மகன்.

எனக்குப் பற்றி எரிந்தது. "அவர் அடிச்சால் கோயில் கதவு அதிரும். அந்தப் பெரிய பெட்டியில போடும்!"

போட்டார். ஒவ்வோர் அடியும் சுத்தமாக நெஞ்சுக்குள் இறங்கியது. கடைக்காரரின் சிரிப்பு நின்றது.

பெரியதையே வாங்கி, ஓட்டோவில் என் பக்கத்தில் ஏற்றுவித்தேன்.

"நான் எங்க இருக்கிறது, அப்பா?"

"அப்பப்பாவைப் பிழை சொல்லேக்க நீயும் ஓம் போட்டனி. அடம்பன் பஸ்ஸில வா."