சம்பந்திக்குச் சொல்லியாச்சா?

இருபத்து மூன்றாவது ஆளுக்குச் செய்தியைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் மூத்தவள். முதல் நாலைந்து பேரிடம் வார்த்தைகளைத் தேடித் தேடித்தான் சொன்னாள். அதற்குப் பிறகு, "அப்பா நேத்து சாயங்காலம் தவறிட்டார், இன்னைக்கு நாலு மணிக்கு எடுக்கறோம்" என்று பஸ் நேரம் சொல்பவளைப் போல வாய் தானாகச் சொல்லிக்கொண்டது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து, "சம்பந்திக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டாள்.

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி இன்னும் கல்லூரியில் படிக்கிறான். பாவம், அதிர்ச்சியில் புத்தி தடுமாறுகிறது என்று அத்தை யாரிடமோ காதோடு காதாகச் சொன்னாள். மூத்தவள் மறுக்கவில்லை. விளக்கப் போனால் இன்னும் கோளாறாகத் தெரியும்.

அப்பாவுக்குப் பிராந்தியப் படைத் தலைமையகத்தில் வேலை. துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. தினமும் காலை ஒன்பது மணிக்குக் கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் நாட்டின் தலைமையகத்தைப் போனில் கூப்பிட்டு, இன்று எங்கள் கப்பல்கள் எங்கே போகும், எத்தனை மணிக்குச் சுட்டுப் பழகப்போகிறோம் என்று தாளைப் பார்த்துப் படிப்பார். அந்தப்பக்கத்துக்காரரும் அதே மாதிரி படிப்பார். பயிற்சிச் சத்தத்தை யாரும் போர் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாதே. பதினோரு வருஷமாக அதே இரண்டு குரல்கள். தாளில் இல்லாத ஒரு வார்த்தை பேசக் கூடாது, பெயரைக்கூடக் கேட்கக் கூடாது. அவ்வளவு மரியாதை, அவ்வளவு விறைப்பு. அதனால்தான் அம்மா அவருக்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தாள். சம்பந்திக்கு இன்று ஜலதோஷம் என்று அப்பா வந்து சொன்னால், எப்படியிருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போவீர்கள் என்று கடிந்துகொள்வாள். கேட்டால் வேலை போய்விடும் என்பார் அப்பா.

பதினோரு மணிக்கு, அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்த இளம் கேப்டன் மலர் வளையத்தோடு வந்தார். வைத்த பிறகும் போகாமல் தயங்கி நின்றார். மூத்தவள் அவரைப் பின்கட்டுக்கு, வாஷிங் மெஷின் பக்கம் அழைத்துப் போனாள்.

"காலையில அந்தப்பக்கத்துக்கு நான்தான் கூப்பிட்டேன், அக்கா. என் குரலைக் கேட்டதும் அவர் படிக்கிறதையே நிறுத்திட்டார். வழக்கமா பேசறவர் எங்கேன்னு கேட்டார். தகவல் இல்லைன்னு சொன்னேன். விதி அப்படி."

ஆளை மாற்றுவதானால் ஒரு வாரம் முன்பே அறிவிக்க வேண்டுமாம். சாவு என்ன ஒரு வாரம் முன்பு அறிவித்துவிட்டா வருகிறது? சொல்லாமல் கொள்ளாமல் குரல் மாறினால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் அந்தப்பக்கம் நினைக்கும். பத்து மணிக்கே அவர்களுடைய ரோந்துக் கப்பல்கள் இரண்டு துறைமுகத்தை விட்டு வெளியே வந்துவிட்டன. பதிலுக்கு இந்தப்பக்கமும் இரண்டைத் தயார் செய்துகொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் வெளியாளிடம் சொல்லக் கூடாது என்பது, சொல்லி முடித்த பிறகுதான் கேப்டனுக்கு உறைத்தது.

"இறந்துட்டார்னு சொல்லிட வேண்டியதுதானே?"

அதிகாரிகளைப் பற்றி எது சொல்வதானாலும் தலைநகரத்து அனுமதி வேண்டும், கேட்டிருக்கிறோம் என்றார். அப்பா செத்ததைச் சொல்ல அனுமதியா என்று மூத்தவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. "சம்பந்திக்குச் சொல்லாம இவரை எடுக்க விடமாட்டேன்," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "உங்க பெரியவர்கிட்ட அப்படியே சொல்லுங்க."

கேப்டன் அங்கேயே நின்று தளபதியைக் கூப்பிட்டார். அம்மா பிடிவாதமாக இருக்கிறார்கள் சார் என்று மெல்லச் சொன்னார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சரி சார் என்றுவிட்டு வண்டியில் ஏறிப் போனார்.

மூன்று மணி ஆயிற்று. சொந்தக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மாமா வந்து பக்குவமாகப் பேசிப் பார்த்தார். அம்மா அசைந்து கொடுக்கவில்லை. அவளிடம் போய் நீயாவது சொல்லு என்று எல்லோரும் மூத்தவளைப் பிடித்துத் தள்ளினார்கள். அவள் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

மூன்றே முக்காலுக்குக் கேப்டன் திரும்பி வந்தார். அப்பாவுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு அம்மாவின் முன் குனிந்தார்.

"அனுமதி வரலை, அம்மா. பெரியவர் தன் பொறுப்புல சொல்லச் சொல்லிட்டார். சொன்னேன். எத்தனை மணிக்கு எடுக்கறாங்கன்னு அந்தப்பக்கத்துக்காரர் கேட்டார். அது தாள்ல இல்லை. நாலு மணின்னு சொல்லிட்டேன்."

கப்பல்கள் திரும்பிப் போய்க்கொண்டிருக்கின்றன என்றார். பத்து நிமிஷம் கழித்து அந்தப்பக்கத்திலிருந்து மறுபடி போன் வந்ததாம். அவர் ஓர் அறிவிப்பைப் படித்துவிட்டு உடனே வைத்துவிட்டாராம். கேப்டன் நிமிர்ந்து நின்று அதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார்.

"இன்று மாலை நான்கு மணி முதல் ஐந்து மணி வரை நடக்கவிருந்த எங்கள் பீரங்கிப் பயிற்சி ரத்து செய்யப்படுகிறது. காரணம், மோசமான வானிலை."

அம்மா மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு எழுந்து விலகி நின்று, தூக்கலாம் என்று கை காட்டினாள்.

வாசலில் வெயில் கண்ணைப் பறித்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. படியிறங்கப் போன அம்மா மூத்தவள் பக்கம் திரும்பினாள்.

"சம்பந்தி சொல்லியிருக்கார்ல. குடையை எடுத்துக்கோ."