மிகவும் திருப்தி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் மச்சினியைக் கிண்டல் செய்யத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வெளிநாட்டு மாணவர்கள் பல்கலைக்கழக நூலகத்தில் படும் பாட்டை எந்த முறையில் ஆராய்வது என்று யோசிக்கவே அவளுக்கு ஓராண்டு போய்விட்டது. ஆராய அல்ல, யோசிக்க. நையாண்டிக்காரனுக்கு இதைவிடக் கொழுத்த தீனி உண்டா?

முதல் வரிகூடத் தயார்: 'முறையியல் என்ற நோய் கண்ட ஒருத்தி...'

(அடித்துவிட்டேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.)

2

முதலில் நூலக வாசலில் கேள்வித்தாள் கொடுத்தாள். பக்கத்திலேயே நூலகர் புன்னகையோடு நின்றார். ஏறக்குறைய எல்லோரும் 'மிகவும் திருப்தி' கட்டத்தில் டிக் அடித்தார்கள். சதவீதத்தைக் கூறுபோட்டுக் காட்டும் வட்டப்படம் என்றால் உயிரை விடும் அவளுடைய ஆய்வு நெறியாளர் பூரித்துப்போனார்.

"அப்படியே எழுதிக் குடுத்துடும்மா. ஆய்வுக் குழு கண்ண மூடிக்கிட்டு கையெழுத்து போடும்."

"அதான் சார் பயமா இருக்கு."

3

அடுத்து, புத்தகம் தேடிப் போன ஒரு மாணவியோடு கூடவே நடந்தாள். மாணவி கவுண்டரில் கேட்டாள். ஊழியர் சிரித்தபடி அலமாரிப் பக்கம் கை காட்டினார். மாணவி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

"ஏன் வந்துட்ட?"

"இல்லைன்னுட்டாங்களே அக்கா."

(அவள் பேசியது வேறு மொழி. தமிழும் அக்காவும் என் உபயம்.)

அவள் நாட்டில் வாசகர் அலமாரியைத் தொடக்கூடாது. ஊழியர்தான் எடுத்துத் தரவேண்டும். காட்டிய கையை 'போய் வா' என்று எடுத்துக்கொண்டாள். ஒரு பருவம் முழுக்க ஒரு புத்தகம்கூட எடுக்கவில்லை.

"அப்புறம் ஏன் மிகவும் திருப்தின்னு போட்ட?"

"சிரிச்ச முகமா சொன்னாங்க. பாவம், அவங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

4

"கேள்வித்தாளத் தூக்கிப் போட்டுட்டேன் மாமா. கூட நடக்கிறதுதான் என் முறைன்னு குழுகிட்ட சொல்லப்போறேன்."

"ஒத்துக்கலைன்னா?"

"மூட்டையக் கட்ட வேண்டியதுதான். அந்தப் பொண்ணப் பாத்தப்புறம் வட்டப்படம் போட கை வரல."

இங்கேதான் என் நையாண்டி படுத்துவிட்டது. கைக்கு வந்த பாராட்டைச் சந்தேகப்படும் ஆளை நான் பார்த்ததே இல்லை. (எழுத்தாளர்களிடையே புழங்குகிறவன் நான்.)

5

முடிவு ஒன்று: குழுவினர் எழுந்து நின்று கைதட்... (சே, சினிமா.)

முடிவு இரண்டு: அவள் மூட்டையை... (மனசு வரவில்லை.)

அவள் இப்போது குழுவின் அறைக்குள் இருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. முடிவு உங்கள் பொறுப்பு. ஆனால் கதை பிடித்ததா என்று கட்டம் போட்டுக் கேட்கமாட்டேன். சிரித்த முகமாக டிக் அடித்துவிட்டுப் போய்விடுவீர்கள். முதல் வரியிலிருந்து மறுபடி வாருங்கள். நானும் கூடவே நடக்கிறேன். நீங்கள் எந்த இடத்தில் திரும்பிப் போகிறீர்கள் என்று பார்க்கவேண்டும்.