அடுப்பை அணைத்தவன்

1

இது மதிப்புரையாகத்தான் தொடங்கியது. அண்மையில் படித்த துப்பறியும் நாவல்களையும் அறிவியல் புனைகதைகளையும் பற்றி ஒளிவுமறைவில்லாமல் எழுதித் தரும்படி பத்திரிகை ஆசிரியர் கேட்டார். மனைவி இறந்தபின் நான் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒப்புக்கொண்டேன். புத்தகங்கள் எல்லாம் மச்சானுடையவை. என் மனைவியின் அண்ணன். மருந்து மொத்த வியாபாரி. அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்.

முதல் வரி: இன்றைய துப்பறியும் நாவல் சமூகத்தின்... (வேண்டாம். கல்லூரியில் எழுதித் தொலைத்தாயிற்று.)

இன்னொன்று: மனைவி செத்தால்தான் நாயகன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். (இருக்கட்டும்.)

2

ஒரு நாவலில் போலீஸ்காரரின் மனைவியைக் காரோடு எரிக்கிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் அவர் துப்பாக்கியோடு ஊர் ஊராக அலைகிறார். விறுவிறுப்பு, மறுக்கவில்லை. அவள் செருப்பை என்ன செய்தார் என்றுதான் சொல்லவில்லை.*

விண்கலக் கதை ஒன்று. இறந்த மனைவியின் குரலில் எந்திரம் பேசுகிறது. எதைச் சொன்னாலும் சரி என்கிறது. எழுதியவருக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

* என் வீட்டில் வாசலிலேயே கிடக்கிறது.

3

மச்சான் கொடுத்த மற்றவை எல்லாவற்றிலும் கணவன்தான் கொலைகாரன். அதைக் கவனிக்க எனக்குக் கொஞ்சம் நாளாயிற்று.

(மச்சானைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. எங்கள் கல்யாணத்தில் என்னைவிட அதிகம் சிரித்தவர் அவர்.)

நடந்தது இதுதான். காலையில் நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போன மனைவி அங்கே விழுந்த சத்தம் கேட்டது. பால் பொங்கியது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, விழும்போதே உயிர் இல்லை என்றார் மருத்துவர். அன்றே எல்லாவற்றையும் மச்சானிடம் சொன்னேன்.

“சத்தம் கேட்டப்புறமும் அடுப்ப அணைச்சிட்டா ஓடுனீங்க?”

“ஆமா மச்சான். பால் பொங்கிடுச்சு.”

“கதையில ஒருத்தன் இப்படிச் சொன்னா நீங்களே நம்ப மாட்டீங்க, மாப்பிள்ளை.”

நம்ப மாட்டேன்தான். மதிப்புரையில் கிழித்திருப்பேன்.

மகளுக்கு நாலு வயது. அன்றிலிருந்து அவர் வீட்டில் இருக்கிறாள். கூட்டிப்போகிறேன் என்று போய் நிற்பேன். கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அலமாரியைத் திறப்பார். போன தடவை வாசல்வரை வந்தவள் என் கையைப் பார்த்தாள்.

“இன்னைக்கும் புக்குதானாப்பா?”

4

முடிவுகள்.

அறிவியல் புனைகதை என்றால் நாயகன் அந்தக் காலைக்கே திரும்பிப் போவான். எழுதிப் பார்த்தேன். சத்தம் கேட்கிறது. பால் பொங்குகிறது. கை அடுப்புக்குத்தான் போகிறது.

துப்பறியும் கதை என்றால் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, இவன்தான் என்று காட்டுவார்கள். அப்படி ஒருவன் இருந்திருந்தால் மச்சானுக்கு நிம்மதி. எனக்கும்தான். துரத்திக்கொண்டு போக ஆள் கிடைத்திருப்பான்.

மூன்றாவது: நான் மச்சான் தோளில் சாய்ந்து அழுகிறேன், அவர் பிள்ளையைத் தூக்கிக் கொடு

(விற்கும். ஆனால் எனக்கு அழுகை வரவில்லை. வராததை எழுதினால் அவர் கண்டுபிடித்துவிடுவார். அவ்வளவு படித்தவர்.)

5

மச்சான், இந்தப் பத்திரிகைக்கு நீங்கள் சந்தாதாரர். நீங்கள் கொடுத்த நாவல்கள் நன்றாகத்தான் இருந்தன. எதிலும் என்னைக் காணவில்லை. இனிமேல் புத்தகம் வேண்டாம்.

ஞாயிறு காலை வருகிறேன். பிள்ளையின் சட்டைகளை எடுத்து வைக்க ஒரு பையும் கொண்டுவருவேன். அழமாட்டேன். அதை வைத்து நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

முடிவை வாசகர் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம் என்று பல பேரைத் திட்டியிருக்கிறேன். இங்கே எனக்கு வேறு வழி இல்லை. தாழ்ப்பாள் உங்கள் பக்கம் இருக்கிறது.