உள்ளங்கையில் பார்த்த கொழுப்பு

அவன் கம்பெனிக்குத் தர வேண்டிய பாக்கி பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. மனைவிக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது வாங்கிய முன்பணம். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். பிடித்தது போக வந்ததில் வாடகையைக் கொடுத்துவிட்டால், கடைசி வாரத்தைப் புருஷனும் பெண்டாட்டியும் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுவார்கள்.

குளிர்கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலை. உறைந்த மீனும் கறியும் அடைத்த அட்டைப்பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கி, பனி படிந்த அறைக்குள் கூரை தொட அடுக்க வேண்டும். மற்றவர்கள் ஒன்று தூக்கினால் இவன் இரண்டு தூக்குவான். அதனால் கூட இருப்பவர்களுக்கு இவன் ‘லாரி’. சொந்தப் பேர் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றாது.

ஒருநாள் மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு சலுகை சொன்னார். இன்சூரன்ஸ்காரர்கள் தொழிலாளிகளின் உடம்பைப் பற்றிக் கேட்கிறார்களாம். இன்றைக்கு ஒரு அளவு, மூன்று மாதம் கழித்து ஒரு அளவு. அந்த இரண்டாவது அளவில் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு இருபத்தைந்துக்குக் கீழே இருந்தால் முன்பணப் பாக்கி தள்ளுபடி.

“நமக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு சூபர்வைசர் தினம்தான் சொல்றாரு. இப்பத்தான் அளக்கப் போறாங்களா?” என்றான் பின்னால் நின்றவன். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்களுக்கு ஷிப்ட் முடிந்து நிற்கவே தெம்பில்லை.

முதலுதவி அறையில் நர்ஸ் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஸ்டீயரிங்கைப் பாதியாக வெட்டினதுபோல் ஒரு மிஷின். வயசு, உயரம், எடையைத் தட்டிவிட்டு அவன் கையில் கொடுத்து, முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொன்னாள். அது கூவியது. இருபத்தொன்பது.

“வயித்தப் பாக்க வேணாமா சிஸ்டர்?”

“கையிலயே பாத்துரும்ணே. அடுத்த ஆளு வாங்க.”

வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அவன் இன்னொன்று கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டான்.

மனைவி வீட்டிலேயே தையல் தைக்கிறவள். விஷயத்தைக் கேட்டதும் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“தொப்பை இருக்கு, இல்லேங்கல. ஆனா இருபத்தொம்பதெல்லாம் இருக்காது. எத்தன பேரு இடுப்ப அளந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?”

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அவன் கழுத்தையும் இடுப்பையும் அளந்தாள். அவள் தம்பி அந்த அளவுகளைப் போனில் தட்டிக் கொழுப்புக் கணக்குப் போட்டான். இருபத்தாறு என்று வந்தது. தம்பி ஒரு ஜிம்மில் தரை துடைத்து, இரும்பையெல்லாம் எடுத்துவைக்கிறவன். அவனாகவே பாதி மாஸ்டர் ஆகிவிட்டிருந்தான்.

“டேப்பெல்லாம் சும்மா மாமா. எங்ககிட்ட இடுக்கி இருக்கு. தோலக் கிள்ளிப் பிடிச்சு, மடிப்பு எவ்வளவு தடிமன்னு பாக்கறது. அதான் கரெக்டு.”

“கிள்ளறதுன்னா உங்க அக்காளே கிள்ளுவா. அதுக்கு ஜிம்முக்கு எதுக்கு மாப்ளே?”

ஆனாலும் போனான். தம்பி கிள்ளியதில் இருபத்து நாலு. அங்கிருந்த நிஜ மாஸ்டர் அதே இடுக்கியால், ஒரு விரல் தள்ளிக் கிள்ளியதில் இருபத்தேழு.

“எதுடா சரி?”

“ரெண்டும் சரிதான் மாமா. கிள்ற கையப் பொறுத்து.”

அன்றிலிருந்து மூன்று மாதம் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினான். சர்க்கரையை விட்டான். டீக்கடைப் பக்கம் போகாமல் சுற்றிப் போனான். பெட்டி தூக்குகிற உடம்பு அது. பசித்தால் கால் பின்னும். ஒருநாள் பெட்டியோடு ஏணியில் தடுமாறினபோது கீழே நின்றவன், “லாரிக்கு டீசல் தீந்துருச்சுடா,” என்று கத்திக்கொண்டே வந்து முதுகைத் தாங்கினான். இடுப்பு வாரில் புது ஓட்டை போட வேண்டிவந்தது. மனைவி அவன் பேண்ட்டையெல்லாம் பிரித்துச் சிறிதாக்கினாள். கடைசி வாரம் அவள் டேப் பிடித்தபோது இருபத்திரண்டுதான்.

“போதும்ங்க. மூஞ்சி ஒட்டிப்போச்சு. இதுக்கு மேல குறைஞ்சா நான் யாருக்குப் பெண்டாட்டின்னு எனக்கே சந்தேகம் வந்துரும்.”

டேப் சொன்னது இருபத்திரண்டுதான். ஆனால் பாக்கியைத் தள்ளப்போவது டேப் இல்லை. முதல் நாளே மிஷின் டேப்பைவிட மூன்று கூடச் சொன்னது. இப்போதும் அதே மூன்றைக் கூட்டினால் சரியாக இருபத்தைந்து. கீழே போகாது.

அவனுக்குத் தெரிந்த அளவை ஒன்றே ஒன்று. கிடங்கு வாசலில் இருக்கிற எடைமேடை. சரக்கு வண்டி ஏறினால் ஒரு எடை, இறக்கிவிட்டுக் காலியாக ஏறினால் ஒரு எடை. எவ்வளவு காலியோ அவ்வளவு குறையும். அதனால் சோதனைக்கு முதல் நாள் மத்தியானத்திலிருந்து அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. சட்டைக்கு உள்ளே பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு ஷிப்ட் முழுக்க வேர்த்தான். விடிந்து வேலை முடிந்ததும் குளிர் அறையிலிருந்து நேராக முதலுதவி அறைக்குப் போனான். உதடு வெடித்திருந்தது. நடக்கும்போது தரை கொஞ்சம் சாய்ந்தது.

மிஷினைப் பிடித்தான். கூவியது.

நர்ஸ் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பிடிக்கச் சொன்னாள். அதே எண்.

“இருபத்தேழுண்ணே.”

அவள் அவன் வாரைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள்.

“தண்ணி குடிச்சீங்களா?”

“நேத்துலேருந்து ஒரு சொட்டு இல்ல சிஸ்டர். காலியா வந்திருக்கேன்.”

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். “இது எடை போடறது இல்லண்ணே. ஒரு கைலேருந்து இன்னொரு கைக்குச் சின்னதா கரண்ட் விடுது. உடம்புல தண்ணி இருந்தா அது சுளுவாப் போயிரும், கொழுப்புல தடங்கும். வறண்டு போயி வந்தா, அந்தத் தடங்கலையும் கொழுப்புன்னு எடுத்துக்கும். கைய நீட்டுங்க.”

நீட்டினான். தொட்டுப் பார்த்தாள். ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. உள்ளங்கை முழுக்கப் பெட்டி தூக்கித் தூக்கித் தோல் காய்த்து, செருப்பின் அடியைப்போல் தடித்திருந்தது.

“இதுக்குள்ளயும் கரண்ட் லேசுல போகாது. முதல் தடவையே நான் சொல்லியிருக்கணும். அன்னிக்கு வரிசை…” என்று நிறுத்திக்கொண்டாள்.

“அப்ப என் கொழுப்பு நிஜமா எவ்வளவு சிஸ்டர்?”

“யாருக்குத் தெரியும்? டேப்பு ஒண்ணு சொல்லும், இடுக்கி ஒண்ணு சொல்லும். எல்லாத்துக்கும் நாலஞ்சு முன்னபின்ன இருக்கு. பெரிய ஆஸ்பத்திரில படுக்கவெச்சு ஸ்கேன் எடுப்பாங்க. அதுதான் இருக்கறதுல கிட்ட வரும். அதுலயும் ஒண்ணு ரெண்டு தப்பலாம். ஒரே மிஷின்ல, ஒரே மாதிரி வந்து பிடிச்சா ஏறுதா இறங்குதான்னு பாக்கலாம். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னா, பாக்கிய எப்பிடி அதுல தள்ளுபடி பண்ணுவாங்க?”

அவள் போனை எடுத்து மேனேஜரிடம் பேசினாள். தண்ணீர் குடிக்கவைத்து நாளைக்கு மறுபடி பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் குரல் இவனுக்கே கேட்டது. ஒருத்தனுக்குப் பார்த்தால் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். ஆளுக்கு ஒரு தடவைதான்.

“பரவால்ல விடுங்க சிஸ்டர்,” என்றான். அவள் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நின்ற இடத்திலேயே முழுசையும் குடித்தான்.

வீட்டில் மனைவி கேட்டுவிட்டு வெகுநேரம் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்துபோய்த் தட்டு நிறையச் சாப்பாடு போட்டுக்கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டான்.

சம்பளத்தில் பிடித்துக்கொண்டே போனார்கள். அவள் இரண்டு வீட்டுத் துணி கூடுதலாக வாங்கித் தைத்தாள். தொப்பை பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. பேண்ட்டெல்லாம் திரும்பப் பிரிபட்டன. அடுத்த வருஷம் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் கட்டிலில் கிடந்தான். வெந்நீர் ஒத்தடமும் வேளைக்குச் சாப்பாடும்தான். உள்ளங்கைத் தோல் உரிந்து உரிந்து, அடியில் யாரோ ஒருவனுடைய மெத்தென்ற கை இருந்தது.

திரும்ப வேலைக்குப் போன அன்று, லீவு முடிந்து வருகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று முதலுதவி அறைக்கு அனுப்பினார்கள். அதே நர்ஸ். அதே மிஷின்.

“லாரி அண்ணன்தானே? தண்ணி குடிச்சீங்களா?”

“வயிறு முட்டக் குடிச்சிருக்கேன். சாப்பிட்டும் வந்திருக்கேன்.”

மிஷின் கூவியது. அவள் எண்ணைப் பார்த்தாள். பிறகு மேஜை விளிம்பில் தொட்டுக்கொண்டிருந்த அவன் தொப்பையைப் பார்த்தாள்.

“இருபத்து நாலு.”

“பாஸா?”

“பாஸ்தான். ஆனா அந்தச் சலுகைய இந்த வருஷம் எடுத்துட்டாங்கண்ணே.”

“எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. போன சம்பளத்தோட பாக்கியும் முடிஞ்சுபோச்சு.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடியே மனைவியிடம் சொன்னான். “இருபத்து நாலாம்.”

அவள் அவன் சட்டைப் பொத்தான்கள் இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். கை தன்னால் கழுத்து டேப்புக்குப் போனது.

“அளக்கட்டுமா?”

“வேணாம்,” என்று சுவரோரமாக உட்கார்ந்தான். “யாருக்கும் தர வேண்டியது ஒண்ணும் இல்ல. சாப்பாட்டப் போடு.”