முப்பத்தெட்டு வினாடி

ஆரோக்கியம்மாள் இங்கிலீஷ் படிக்கிறாள் என்று எஸ்டேட்டே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? ஐம்பத்திரண்டு வயதில் தேயிலை மலையில் நின்றுகொண்டு "ஹாங் ஆன், ஐ ஆம் கமிங்!" என்று கத்தினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பக்கத்து நிரையில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த சீதாவுக்குக் கையே ஓடவில்லை.

"என்னாடி ஆரோக்கியம், காலேஜ் புள்ள கணக்கா பேசற? நாளைக்கு ஜீன்ஸ் மாட்டிக்கிட்டு வருவியா?"

"வருவேன் லா. ஒனக்கென்ன?"

ஒருநாள் தாமதமாக வந்ததற்குக் கங்காணி மகேன் முறைத்தான். "சாரி, ஐ ஓவர்ஸ்லெப்ட்" என்றாள் இவள், தலையைக் கோதிக்கொண்டு. திட்ட வந்த மனுஷன் வந்த காரியத்தையே மறந்துவிட்டான்.

எல்லாம் சரி. எதற்காகப் படிக்கிறாள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

அவள் கைப்பேசியில் முப்பத்தெட்டு வினாடிக் குரல் ஒன்று இருந்தது. மகள் நிக்கோலின் குரல். போன நவம்பர் முதல் தேதி, ஈப்போ பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, கோலாலம்பூர் ஹாஸ்டலில் தன்னோடு ஒரே அறையில் இருந்த மெலிசாவுக்கு அவள் பேசி அனுப்பியது. மெலிசா சரவாக் பெண், தமிழ் தெரியாது. அதனால் முழுக்க இங்கிலீஷ். அதற்கப்புறம் நிக்கோல் ஏறிய வேன் எஸ்டேட் இருக்கும் கம்போங் ராஜாவுக்கு வந்து சேரவில்லை. மழையில் மலைச்சரிவு மொத்தமாகச் சாலையில் இறங்கிவிட்டது. அடக்கம் முடிந்த மறுவாரம், அவள் குரல் உங்களிடம் இருக்கட்டும் என்று மலாயில் ஒரு வரி எழுதி மெலிசா அதை அனுப்பிவைத்தாள்.

நிக்கோல் அன்றைக்கு ஏன் கிளம்பி வந்தாள்? அதுதான் விஷயம். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். கல்லறையைக் கழுவிப் பூ வைத்து, பெற்ற பிள்ளைகள் கையால் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். யார் பிள்ளை வந்தது, யார் பிள்ளை வரவில்லை என்று பார்ப்பதற்கென்றே அன்றைக்கு நாலு பேர் கோவிலுக்கு வருவார்கள். புருஷன் மைக்கேல்ராஜ் செத்துப்போய் அது இரண்டாவது வருஷம். மகன் எட்ரியன் திரிங்காப்பில் காய்கறி லாரி ஓட்டுகிறவன், பக்கத்திலேயே இருந்தான். அது போதாதாம் ஆரோக்கியம்மாளுக்கு. இரண்டு பிள்ளையும் நிற்க வேண்டுமாம்.

"திங்கக்கிழமை பரீட்சைம்மா. மழை வேற" என்றாள் நிக்கோல் போனில்.

"அப்பனுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்த வரமுடியாதவளுக்கு அம்மா மட்டும் எதுக்கு? வராட்டி எனக்குப் போன் அடிக்காத."

அவ்வளவுதான் பேசினாள். மறுநாள் ஈப்போவிலிருந்து நிக்கோல் ஐந்து முறை அடித்தாள். இவள் எடுக்கவில்லை. கோபம்! பாழாய்ப்போன கோபம்.

அந்தக் குரலை முதலில் எட்ரியன்தான் கேட்டான். கேட்கும்போதே அவன் முகம் வெளிறியதை அவள் பார்த்தாள். "சும்மா பிரெண்டு கூட பேசிருக்காம்மா, ஒன்னுமில்ல" என்று போனைக் கொடுத்துவிட்டு வெளியே போய் லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பெற்றவளுக்குத் தெரியாதா, பிள்ளை பொய் சொன்னால்? நிக்கோல் தன்னைத் திட்டியிருக்கிறாள், வெறுத்துப் பேசியிருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. வேறு யாரிடம் கொடுத்துக் கேட்டாலும் பாவம் பார்த்து இதே பொய்யைத்தான் சொல்வார்கள். சரி, நானே கேட்டுக்கொள்கிறேன் என்று முடிவு கட்டினாள்.

எப்படிப் படிப்பது என்பதற்கும் மகள்தான் வழி வைத்திருந்தாள். காலேஜ் போன புதிதில் இங்கிலீஷ் தெரியாமல் அழுத நிக்கோல், நாலு மாணவிகள் ஒரு ஹாஸ்டலில் அடிக்கும் லூட்டியைக் காட்டும் தொடர் ஒன்றைப் பார்த்துப் பார்த்தே தேறினாள். லீவுக்கு வந்தால் வீட்டு டிவியிலும் அதுதான் ஓடும். டிவியைப் போட்டால் இன்னமும் அவள் பெயரும், விட்ட இடத்திலிருந்து பார்க்கவா என்ற கேள்வியும் வந்து நின்றன. அம்மாக்காரி முதல் பாகத்திலிருந்து தொடங்கினாள். கீழே மலாய் எழுத்து ஓடும். தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் மலாய் வாசிப்பாள். காதில் இங்கிலீஷ், கண்ணில் மலாய், மனசுக்குள் தமிழ். தினமும் வேலை முடிந்து குளித்ததும் உட்கார்ந்துவிடுவாள். துவைக்கிறது லாண்ட்ரி. வகுப்புக்கு மட்டம் போடுகிறது ஸ்கிப். கிளம்பிவிட்டேன் என்பதற்கு ஆன் மை வே. பழைய காலண்டர் தாளின் முதுகில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டாள்.

எழுதிய கையோடு குரலைப் போட்டுக் கேட்பாள். ஒரு வார்த்தை பிடிபட்ட நாளெல்லாம் நிக்கோல் புதிதாக ஒன்று பேசினாள். நேற்றுவரை வெறும் சத்தமாக இருந்தது இன்றைக்கு 'மழை' ஆகும், நாளைக்கு 'திரும்பி' ஆகும். செத்தவள் மாதம் நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்தாள். சில சாயங்காலம் டிவி பார்க்கையில் முதுகுக்குப் பின்னால் ஈரத்தலை வாசம் வரும். ஆரோக்கியம்மாள் திரும்ப மாட்டாள். திரும்பினால் போய்விடுவாள் என்ற பயம். "இதுக்கு என்னா அர்த்தம் புள்ள?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்பாள்.

ஒருநாள் தொடரில் ஒருத்தி தலையணையைக் கட்டிக்கொண்டு "ஐ ஆம் ஸ்கேர்ட்" என்றாள். கீழே 'தாகுட்' என்று வந்தது. பயம். அந்தச் சத்தம் முப்பத்தெட்டு வினாடிக்குள் இரண்டு முறை வருவது அவளுக்கு மனப்பாடம். டிவியை அணைத்துவிட்டாள். ஒரு வாரம் தொடவில்லை. இதோடு விட்டால் நல்லது என்று உடம்பெல்லாம் சொன்னது. விட முடிந்தால்தானே?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள் கோவில் சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து குரலைப் போட்டாள். இந்தத் தடவை புரியாதது எதுவும் மிச்சமில்லை.

"மெல், ஈப்போவில் பயங்கர மழை. வேன்காரர் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா போனை எடுக்கவே இல்லை. எடுத்து, வராதே என்று ஒரு வார்த்தை சொன்னால் இப்போதே ஹாஸ்டலுக்குத் திரும்பிவிடுவேன். நிஜமாகவே பயமாக இருக்கிறது, மெல்."

திட்டவில்லை. ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

எட்ரியன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் அதே இடத்தில் இருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை.

"ஒனக்கு அன்னிக்கே தெரியும்ல?"

அவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். "தெரியும்மா."

"ஏன்டா சொல்லல?"

"எப்படிம்மா சொல்லுவேன்?" என்றான். தங்கை சாவுக்கு அழாதவன் அன்றைக்குச் சுவரில் சாய்ந்து அழுதான். அவளும் அழுதாள். அப்புறம் அவனே எழுந்துபோய் அரிசி கழுவினான்.

அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் கேட்கையில் ஆரோக்கியம்மாள் கைப்பேசியில் நிக்கோலின் எண்ணைத் திறந்தாள். வாய்க்குப் பக்கத்தில் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"டோன்ட் கம், நிக்கோல். இட்ஸ் ரெயினிங். கோ பேக் டு தி ஹாஸ்டல். ஐ ஆம் நாட் ஆங்ரி."

ஒரு வார்த்தைகூட இடறவில்லை. அந்தத் தொடரில் வரும் பெண்கள் பேசுவதைப் போலவே வந்தது. அனுப்பினாள். ஒற்றைக் குறி விழுந்தது. போய்ச் சேர்ந்ததைச் சொல்லும் இரண்டாவது குறி விழவில்லை.

"வராத, புள்ள. மழையா இருக்கு." இதை அன்றைக்குச் சொல்ல அவளுக்கு இங்கிலீஷே வேண்டியிருக்கவில்லை.