சும்மா நின்றாலும் கத்தும் வண்டி

அத்தானுக்கு வண்டி ஓடினால் மட்டும் போதாது, சும்மா நின்றாலும் கத்த வேண்டும். அதற்காகவே, இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரின் பைபாஸ் வால்வு திறக்கவே முடியாதபடி அதன் திருகைத் தானே இறுக்கிவிட்டார். இஞ்சின் அடுப்பாய்க் கொதித்த பிறகுதான், தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக, பெண்டாட்டியின் தம்பி மெக்கானிக் என்பது ஞாபகம் வந்தது.

தம்பி திருகைத் தளர்த்தினான். வேண்டாத காற்று வால்வு வழியாகத் திரும்பிப் போக, ஊளை அடங்கி இஞ்சின் நிதானமாக ஓடியது.

"சத்தத்தையே காணோம்? இவ்வளவு செலவு பண்ணது தெருவுக்குத் தெரிய வேண்டாமா? பழையபடி இறுக்கு."

"மூடியே வச்சா சூடேறி இஞ்சின் போயிடும், அத்தான்."

"பட்டறைக்கு இடம் கொடுத்தவனுக்கே பாடம் எடுக்கிறியா?"

தம்பி முன்சீட்டிலிருந்த அக்காவைப் பார்த்தான், அவளாவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"அவர் சொல்றபடி கேட்டு நடந்துக்கோடா. இவரோட இருக்க முடியாதுன்னு நான் பெட்டியோட உன் வாசல்ல வந்து நின்னப்போ, இதைத்தானே எனக்குச் சொல்லி அனுப்பினே."

அவன் குனிந்து திருகை இறுக்கினான். வண்டி கத்த ஆரம்பித்தது.